மோட்டார் எரிந்தால் எரிவது எது?

(திருப்பூரில் பின்னலாடை ஆலை, சாயப்பட்டறைப் பராமரிப்புப் பணியாளர்களும் மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1831 ஆகஸ்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் மேல் இரண்டு செப்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். மின்தூண்டலைக் கண்டுபிடித்த சோதனை அது. இன்றைய மோட்டாருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் அதுதான் பாட்டன். அந்தச் சோதனையில் அவருக்கு இருந்த பெரிய தொல்லை, கம்பியோடு கம்பி ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது. இன்சுலேஷன் போட்ட கம்பி அப்போது கடையில் கிடையாது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நூல்கயிற்றை ஓட்டினார். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பருத்தித் துணியை வைத்தார். ஆக, மோட்டாரின் அந்தப் பாட்டனுக்கு மின்காப்பு நம்ம ஊர்ச் சரக்குதான்.

அதற்குப் பிறகும் ஏறத்தாழ நூறு வருஷம் அப்படியே ஓடியது. செப்புக் கம்பியின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி விற்றார்கள். இரண்டு அடுக்கு நூல் போட்டதற்கு டி.சி.சி. கம்பி என்று பெயர். கடையில் இருக்கும் மூத்த வைண்டர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பருத்தியில் உள்ள குறை என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூல் வாங்கும்போது 8.5 சதவீத ஈரம் என்று கணக்குப் போட்டுத்தான் எடை பார்க்கிறீர்கள். ஈரத்தை இழுக்கிற சரக்கு மின்சாரத்தைத் தடுக்காது. அதனால் நூல் சுற்றிய கம்பியை மெழுகிலோ வார்னிஷிலோ முக்கியே ஆக வேண்டியிருந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். காலை ஆறு மணிக்கு சூப்பர்வைசரிடமிருந்து ஃபோன் வரும்: "அண்ணா, மெயின் பம்ப் மோட்டார் எரிஞ்சு போச்சுங்க." எரிந்தது என்றால் எது எரிந்தது? தாமிரம் 1,085 டிகிரியில்தான் உருகும். எரிந்த ஸ்டேட்டரிலிருந்து உருவி எடுக்கும் காயிலைப் பாருங்கள், தாமிரம் தாமிரமாகவே இருக்கும். பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை காசு தருகிறார்கள். ஷாஃப்ட் அப்படியே இருக்கிறது, பேரிங்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. போனது கம்பியின் மேலிருந்த எனாமல் என்ற ஒரு படலம் மட்டும். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு கிரேடு 2 எனாமல் போட்டால் விட்டம் குறைந்தது 0.063 மில்லிமீட்டர் கூட வேண்டும் என்பது விதி. அதாவது ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.03 மில்லிமீட்டர். அது ஒரு புள்ளியில் விட்டுப்போனால் ஒரு லாட் துணி மெஷினுக்குள்ளேயே நின்றுவிடும்.

இந்த ஊரில் ஜி.எஸ்.எம். கொஞ்சம் குறைந்தால் துணியைத் திருப்பி அனுப்புகிறோம். சலவையில் சாயம் ஓடினால் லாட்டையே ஒதுக்குகிறோம். ஆனால் ரீவைண்டிங் முடிந்து வரும் மோட்டாருக்குள் என்ன எனாமல் கம்பி, என்ன வார்னிஷ், எத்தனை மணி நேரம் சூடு கொடுத்தீர்கள் என்று கேட்கும் ஆலையை நான் அதிகம் பார்த்ததில்லை. பில்லில் "7.5 எச்.பி. ரீவைண்டிங்" என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடப்பதைத்தான் இன்று பிரித்துக் காட்டப்போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. நூலுக்கு அடுத்து மரப்பால் வந்தது. மலேயாக் காடுகளிலிருந்து வந்த கட்டா பெர்ச்சா என்ற பால்தான் 1851-இல் இங்கிலாந்துக்கும் ஃபிரான்ஸுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பியைக் காத்தது. நம் கோயில்களில் நிற்கும் இலுப்பையும் அந்த மரமும் ஒரே குடும்பம். அடுத்தது அரக்கு. அது இந்தியச் சரக்கு, சோட்டா நாக்பூர் காடுகளில் பூச்சி தரும் பிசின். அபிரகத் தகடுகளை அரக்கால் ஒட்டித்தான் பெரிய மின் இயந்திரங்களுக்கு மின்காப்பு செய்தார்கள். 1924-இல் ராஞ்சிக்கு அருகே அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கும் அளவுக்கு அதற்குக் கிராக்கி இருந்தது. லியோ பேக்லாண்ட் 1907-இல் பேக்கலைட் செய்ததற்குக் காரணமும் இதுதான். அரக்குக்கு மாற்றாக ஒரு செயற்கைப் பிசினைத் தேடிப் போனவர் அவர். பிளாஸ்டிக் யுகத்தைத் தொடங்கிவைத்தது மின்காப்புத் தட்டுப்பாடுதான் என்பது என் கருத்து. பொம்மையும் பக்கெட்டும் பிறகு வந்தவை.

கொங்கு நாட்டுக்கு மின்சாரம் வந்தது அந்தக் காலத்தில்தான். 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பஞ்சாலைகள் பெருகின. கிணற்று ஏற்றத்துக்குப் பதில் பம்ப்செட் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். அதே காலத்தில்தான் அமெரிக்காவில் பாலிவினைல் ஃபார்மல் என்ற செயற்கை எனாமல் கம்பியின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. எண்ணெயும் பிசினும் கலந்த எனாமல் அதற்கு முன்பே உண்டு. ஆனால் கொஞ்சம் வளைத்தாலும் உரசினாலும் உதிர்ந்துவிடும், அதனால் அதை நம்பி மோட்டார் சுற்ற முடியாது. புது எனாமல் வளைந்தது, உரசலையும் தாங்கியது. நூல் அடைத்திருந்த இடம் மிச்சமானதால் அதே ஸ்லாட்டில் இன்னும் கொஞ்சம் தாமிரம் போட முடிந்தது. ஒரே குதிரைத்திறன் மோட்டார் வருஷத்துக்கு வருஷம் உருவத்தில் சிறுத்துக்கொண்டே வந்ததற்கு இந்தப் படலம் ஒரு முக்கியக் காரணம்.

எனாமலை எப்படி ஏற்றுகிறார்கள்? இழுத்து நீட்டி, பதப்படுத்திய செப்புக் கம்பியைப் பிசின் கரைசலுக்குள் விட்டு, ஒரு டையால் வழித்து, நானூறு ஐந்நூறு டிகிரி அடுப்புக்குள் ஓட்டுகிறார்கள். கரைப்பான் ஆவியாகிறது, பிசின் இறுகுகிறது. ஒரு தடவையில் ஏறுவது சில மைக்ரான்தான். அதனால் அதே கம்பி பத்து, பதினைந்து, இருபது தடவைகூடத் திரும்பத் திரும்பக் குளித்து எழுகிறது. ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் என்ன என்று கேட்கலாம். உள்ளே கரைப்பான் சிக்கிக் கொப்புளம் போடும். தடவைகளைக் குறைத்து அவசரமாக ஓட்டிய கம்பியில் ஊசித்துளைகள் கூடும். கண்ணுக்குத் தெரியாது, ரீல் மினுமினுவென்றுதான் இருக்கும்.

அந்தப் பிசின்கள் எவை என்று பார்த்தால் இந்த அரங்கில் யாருக்கும் அவை அந்நியமில்லை. நீங்கள் பின்னும் பாலியெஸ்டர், ஸ்போர்ட்ஸ் உடுப்புக்குப் போடும் நைலான், இழுவைக்குச் சேர்க்கும் லைக்ரா என்கிற பாலியூரித்தேன் ஆகிய மூன்று குடும்பங்களும் கம்பியின் மேலும் இருக்கின்றன. ரிலே, சின்ன காயில் போன்றவற்றின் மெல்லிய கம்பியில் பாலியூரித்தேன் எனாமல் இருக்கும். சோல்டரிங் இரும்பை வைத்தாலே அது கழன்றுவிடும் என்பது அங்கே வசதி. மோட்டார் கம்பியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் இமைடு. உயர்தரக் கம்பியில் அதன் மேல் பாலிஅமைடு இமைடு என்ற இரண்டாவது மேல்பூச்சு. இந்த இரட்டைப் பூச்சுக் கம்பி 200 டிகிரி வகுப்பைத் தொடும்.

பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? 1941-இல் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர். இருவரும் மான்செஸ்டரில் துணி அச்சிடும் நிறுவனமொன்றின் வேதியியலாளர்கள். நம் தொழில் ஆட்கள்! இழையில் இருப்பது நீளமான சங்கிலி. அதனால் 260 டிகிரியை நெருங்கினால் உருகும். கம்பி எனாமலில் கிளிசரால் மாதிரியான பொருளைச் சேர்த்துச் சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மெஷினில் ஊசிக்கு ஊசி கண்ணி மாட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்தக் கண்ணியையும் உருவ முடியாத பின்னல். சூட்டில் அது உருகாது, மெல்ல மெல்லக் கருகும்.

ஆனால் குணம் மாறுமா? பாலியெஸ்டர் துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து எடையைக் குறைத்து மிருதுவாக்கும் வேலை சாயப்பட்டறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். காஸ்டிக் பாலியெஸ்டரைத் தின்கிறது என்பதை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. அதே காஸ்டிக் தெறிக்கும் தரையில், அதே நீராவியில், மூடி சரியாக மூடாத மோட்டாரை நிறுத்திவைத்துவிட்டு "கம்பெனி மோட்டார்தான், எப்படிப் போச்சு?" என்று கேட்கிறோம். டெர்மினல் பாக்ஸின் கேஸ்கட் போயிருக்கும், கேபிள் நுழையும் ஓட்டையில் கிளாண்டு இருக்காது. உப்பும் சோடா சாம்பலும் கலந்த ஈரம் உள்ளே போகும். ஊசித்துளை இருந்தால் உப்பு நீர் அதைப் பாலமாக்கிக்கொள்ளும். துளை இல்லாவிட்டாலும் சூடும் காரமும் ஈரமும் சேர்ந்து எனாமலின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டுக்கு இந்த ஊர் மாறியது. அதனால் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து வற்றவைக்கும் எவாப்பரேட்டர்களும் அவற்றின் பம்புகளும் நம்மிடையே பெருகிவிட்டன. மோட்டாருக்கு அதைவிட மோசமான அக்கம்பக்கம் கிடையாது.

இனி வகுப்பு எழுத்துகள். பெயர்ப்பலகையில் பி, எஃப், எச் என்று போட்டிருக்கும். பி என்றால் 130 டிகிரி, எஃப் 155, எச் 180. "155 வரை தாங்கும்" என்று நாம் இதைப் புரிந்துவைத்திருக்கிறோம். எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்பதில்லை. எனாமல் கம்பிக்கு அந்த எண்ணைக் கொடுக்கும்போது 20,000 மணி நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். அதாவது 155 டிகிரி கம்பியை 155 டிகிரியிலேயே இரவு பகலாக வைத்திருந்தால் இரண்டே கால் வருஷம்தான் ஆயுள். மோன்ட்சிங்கர் என்ற பொறியாளர் 1930-இல் ட்ரான்ஸ்ஃபார்மர்களை வைத்துச் சொன்ன கணக்கை ஒட்டி வந்த ஒரு விதி இன்றும் ஏறக்குறைய செல்லுபடியாகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும், பத்து டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும். 135-இல் ஓட்டினால் 80,000 மணி நேரம், 165-க்குப் போனால் 10,000.

இதை வைத்துக்கொண்டு உங்கள் நிட்டிங் ஹாலுக்குள் போய்ப் பாருங்கள். மோட்டார் உடம்பில் விலா எலும்பு மாதிரி இருக்கும் துடுப்புகளுக்கு நடுவே பஞ்சு படிந்திருக்கும். ஃபேன் கவரின் சல்லடையில் போர்வை போட்ட மாதிரி அடைத்திருக்கும். அந்தப் பஞ்சு உள்ளே சூட்டைப் பத்து டிகிரி ஏற்றினால், எவ்வளவு நல்ல கம்பி போட்டிருந்தாலும் அதன் ஆயுளில் பாதி போய்விட்டது. ஸ்டென்டர் அறையின் காற்றாடி மோட்டார்களுக்குச் சூடு பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே எச் வகுப்புக்குக் குறைந்து கம்பி போடச் சொல்லாதீர்கள். கம்பி விலையில் வரும் வித்தியாசம் ஒரு நாள் மெஷின் நின்றால் ஆகும் நஷ்டத்தில் ஒரு மூலைக்குக் காணாது.

இப்போது இந்தப் பேச்சில் எனக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன், அது வார்னிஷ். வார்னிஷைப் பற்றி நம் கடைகளில் நிலவும் எண்ணம் தலைகீழாக இருக்கிறது. "எனாமல் ஏற்கெனவே இருக்குதுங்க, வார்னிஷ் கூடுதல் இன்சுலேஷனுக்கு" என்கிறார்கள். கூடுதல் இன்சுலேஷன் என்பதால் இல்லாமலும் ஒப்பேற்றலாம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வார்னிஷின் முதல் வேலை ஒட்டுவது. அது பசை.

மோட்டார் ஓடும்போது காயிலுக்குள் ஒவ்வொரு கம்பியையும் காந்த விசை நொடிக்கு நூறு தடவை உதைக்கிறது. 50 சைக்கிள் மின்சாரத்தில் ஒரு சைக்கிளுக்கு இரண்டு உதை. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் கரன்ட் ஆறு மடங்கு, விசை கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப முப்பத்தாறு மடங்கு. கட்டாமல் விட்ட கம்பி பக்கத்துக் கம்பியோடு உரசிக்கொண்டே இருக்கும். 0.03 மில்லிமீட்டர் படலம் எத்தனை உரசலைத் தாங்கும்? ஸ்லாட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயில் தலைகளில்தான் ஆட்டம் அதிகம். நாடாவால் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நாடா இறுக்குவது வெளிக்கம்பிகளைத்தான். நடுவில் கிடப்பதைப் பிடிக்க இடுக்குக்குள் ஊறிப் போகிற பசை வேண்டும். அதோடு, கம்பிகளுக்கு இடையில் நிற்கும் காற்று சூட்டைக் கடத்தாது. வார்னிஷ் அந்த இடத்தை நிரப்பினால் உள்சூடு இரும்புக்குப் போய் வெளியேறும். மின்காப்பு அதற்குப் பிறகுதான்.

சரியான முறை எல்லா வைண்டருக்கும் தெரிந்ததுதான். ஸ்டேட்டரை முதலில் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்க வேண்டும். ஓரளவு ஆறியதும் வார்னிஷில் முழுக்க முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருக்க வேண்டும். எடுத்து வடியவிட்டு, வார்னிஷ் டப்பாவில் போட்டிருக்கும் சூட்டில், போட்டிருக்கும் நேரத்துக்கு, பெரும்பாலும் 130 - 150 டிகிரியில் பல மணி நேரம் வேகவைக்க வேண்டும். பிசின் குறுக்கு முடிச்சுப் போடுவது அந்த அடுப்பில்தான். நடப்பது என்ன? ஆலையிலிருந்து மணிக்கு ஒரு ஃபோன். கடைக்காரர் பிரஷ்ஷில் தொட்டு மேலே தடவுகிறார். ஸ்டேட்டருக்கு நடுவே ஒரு 200 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுகிறார். மேலே தோல் காய்ந்துவிடும், பார்க்கப் பளபளப்பாக இருக்கும். உள்ளே கரைப்பானோடு பச்சையாகக் கிடக்கும். அந்த மிச்சக் கரைப்பான் மோட்டார் சூடாகும்போது எனாமலையே இளக்கும். சுற்றும்போது இழுபட்ட கம்பியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளையும் உண்டாக்கும்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கூலி எச்.பி. கணக்கிலோ தாமிர எடைக் கணக்கிலோதான். அடுப்பில் எட்டு மணி நேரம் வைத்ததற்குத் தனியாகக் காசு கொடுத்த ஆலை எது? மாலையில் கொடுத்து மறுநாள் காலையில் கேட்கிற வரை நமக்குப் பல்பு வார்னிஷ்தான் கிடைக்கும்.

அடுத்து, கடந்த இருபது முப்பது வருஷங்களில் நம் ஊருக்கு வந்து சேர்ந்த புது எதிரி. நிட்டிங் மெஷின், சாஃப்ட் ஃப்ளோ, காம்பாக்டிங், ஸ்டென்டர், எல்லாவற்றிலும் இன்வெர்ட்டர் டிரைவ் வந்துவிட்டது. வேகத்தை நினைத்தபடி மாற்றலாம், கரன்ட் பில்லும் குறைகிறது. நல்ல சாதனம். ஆனால் அது மோட்டாருக்கு அனுப்புவது வளைந்து வளைந்து வரும் அலை மின்சாரம் கிடையாது. 415 வோல்ட்டை முதலில் 587 வோல்ட் டி.சி. ஆக்கி, அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டும் மைக்ரோசெகண்டுக்கும் குறைந்த நேரத்தில் பூஜ்யத்திலிருந்து உச்சிக்கு ஏறுகிறது. கேபிள் நீளமாக இருந்தால் அந்த அலை மோட்டாரில் மோதித் திரும்பும்போது டெர்மினலில் வோல்ட்டேஜ் இரட்டிப்பாகும். 1,170 வோல்ட் வரை போகலாம். இதில் நம் ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது. சாயப்பட்டறையில் ஈரமும் ஆவியும் பேனலுக்கு ஆகாது என்று இன்வெர்ட்டர்களை ஏ.சி. போட்ட தனி அறையில் வைக்கிறோம். சரியான காரியம்தான். ஆனால் அதனால் மோட்டாருக்குப் போகும் கேபிள் ஐம்பது, எண்பது மீட்டர் என்று நீண்டுவிடுகிறது. பேனலைக் காப்பாற்றப் போய் மோட்டாரைக் காவு கொடுக்கிறோம்.

நல்ல எனாமல் கம்பி இரண்டை முறுக்கிச் சோதித்தால் சில ஆயிரம் வோல்ட் தாங்கும். பின் 1,170-க்கு ஏன் போகிறது? ஒரே அடியில் போவதில்லை என்பதுதான் பதில். பாஷன் என்ற ஜெர்மானியர் 1889-இல் கண்ட விதிப்படி, காற்று இடைவெளி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சுமார் 327 வோல்ட்டுக்குக் கீழே பொறி விழாது. அதற்கு மேலே போனால், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே வார்னிஷ் நிரப்பாத காற்றுப் பொத்தலில் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் விழத் தொடங்கலாம். ஒவ்வொரு பொறியும் ஓசோனை உண்டாக்கும், எனாமலில் ஒரு துளியைச் சுரண்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்பு என்றால் சில மாதம் போதும். உதிரிக்கம்பியாகச் சுற்றும் நம் மோட்டார்களில் காயிலின் முதல் சுற்றுக்குப் பக்கத்திலேயே கடைசிச் சுற்று வந்து உட்கார்ந்துவிடும். வோல்ட்டேஜ் வித்தியாசம் அதிகமுள்ள இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருக்கும். ஆறே மாதத்தில் முதல் சுற்றுகளில் மட்டும் ஒரு புள்ளி கருகி, மற்ற காயிலெல்லாம் புதுசாக இருக்கிற மோட்டார் உங்கள் கடைக்கு வந்தால் இன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள்.

மருந்து இருக்கிறது. இன்வெர்ட்டருக்கென்றே மேல்பூச்சில் உலோக ஆக்சைடுத் துகள் கலந்த எனாமல் கம்பி வருகிறது, பொறியின் சுரண்டலை அது நீண்ட காலம் தாங்கும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே காயில் தலையில் காகிதம் விட்டுப்போகக் கூடாது. முடிந்தால் கேபிளைக் குறைக்க வேண்டும், முடியாவிட்டால் இன்வெர்ட்டரின் வெளிப்பக்கம் சோக் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொத்தல் இல்லாமல் வார்னிஷ் ஊற வேண்டும். பிரஷ்ஷில் தடவிய வார்னிஷ் இங்கேயும் ஏமாற்றும்.

மோட்டார் கம்பியைப் பற்றிக் கொங்கு நாட்டில் பேசிவிட்டு நீர்மூழ்கி மோட்டாரை விட்டுவிட்டால் அவிநாசி, பல்லடம், காங்கேயத்துக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். ஆயிரம் அடிக்குக் கீழே போர்வெல்லில் தொங்கும் அந்த மோட்டாருக்குள் தண்ணீரையே நிரப்பித்தான் இறக்குகிறார்கள். கம்பி தண்ணீரிலேயே கிடக்கும். சாதாரண எனாமல் கம்பி அங்கே வேலைக்கு ஆகாது, ஓர் ஊசித்துளை போதும், பூமிக்குக் கசிந்துவிடும். ஆரம்பத்தில் பி.வி.சி. போட்ட கம்பி சுற்றினார்கள். தடிமன் அதிகம், ஸ்லாட்டில் தாமிரம் குறைவு. இப்போது நிலைத்துவிட்டது நாம் பாலி வயர் என்று சொல்வது. ஐ.எஸ். 8783 இந்தக் கம்பிகளுக்கான தரம். செம்பின் மேல் பாலியெஸ்டர் ஃபிலிம் நாடா ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி சுற்றி, அதன் மேல் பாலிப்ரொப்பிலீன் நாடா சுற்றி, சூட்டால் இணைக்கிறார்கள்.

ஏன் இரண்டு பிளாஸ்டிக்? பாலியெஸ்டர் ஃபிலிம் மின்சாரத்தைத் தடுப்பதில் கெட்டி, இழுவையும் தாங்கும். ஆனால் வெந்நீர் அதற்கு ஆகாது. சூடான தண்ணீரில் அதன் சங்கிலி மெல்ல மெல்ல அறுபடும். பாலிப்ரொப்பிலீனுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. அதனால் அது வெளியே, பாலியெஸ்டர் உள்ளே. மோட்டார் தண்ணீரில் குளிர்ந்துகொண்டே இருக்கும்வரை இந்தக் கூட்டணி பல வருஷம் ஓடும். கிணற்றில் தண்ணீர் கீழே போய் மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடினால் உள்ளிருக்கும் தண்ணீரே வெந்நீராகிவிடும், அதோடு கதை முடிந்தது. எரிந்த மோட்டாரைத் தூக்க ஆகும் செலவு சில சமயம் ரீவைண்டிங் செலவைத் தாண்டும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ட்ரை ரன் ரிலேவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பாலி வயரில் ஒட்டுப்பசைக்காரர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. பாலிப்ரொப்பிலீனின் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. பாலிப்ரொப்பிலீன் கவரில் அச்சு போடுகிறவர்களைக் கேளுங்கள், கொரோனா ட்ரீட்மென்ட் கொடுக்காத கவரில் மை நிற்காது என்பார்கள். அதே பிரச்சினைதான். வைண்டிங் கம்பியையும் மேலே வரும் கேபிளையும் இணைக்கும் ஜாயின்ட்டில் சாதாரண பி.வி.சி. டேப்பைச் சுற்றிவிட்டு அதன் பசை தண்ணீரைத் தடுக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அங்கே வேண்டியது தன்னோடு தானே ஒட்டி ஒரே ரப்பராகிவிடும் டேப். அதை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்ற வேண்டும். அது கம்பியை நெருக்கிப் பிடிப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் காவலுக்கு பி.வி.சி. டேப் போடலாம். சுற்றுவதற்கு முன் கையில் கிரீஸ், மண், வியர்வை எதுவும் இருக்கக் கூடாது. முடித்ததும் அந்த ஜாயின்ட்டைத் தொட்டித் தண்ணீரில் ஒரு நாள் போட்டுவைத்து, பிறகு மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள். ஆயிரம் அடி இறக்கிவிட்டுச் சோதிப்பதைவிட அது மலிவு.

பழைய காயிலை எடுப்பது பற்றி இரண்டு வார்த்தை. கம்பியைத் தீயில் போட்டு எரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்டேட்டரின் தகடுகளுக்கு நடுவே கூட ஒரு மின்காப்புப் பூச்சு உண்டு. 370 டிகிரியைத் தாண்டினால் அது போய்விடும், அதன் பிறகு நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் இரும்பே சூடாகும், கரன்ட் கூடுதலாக இழுக்கும். நீர்மூழ்கி மோட்டாரின் பி.வி.சி. கம்பியை எரித்தால் வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதைச் சுவாசிப்பது கடையில் வேலை பழக வந்த பையன். இதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. ஐ.எஸ். 13730 என்ற எனாமல் கம்பித் தரமும் அதற்கு மூலமான உலகத் தரமும் ஏகப்பட்ட சோதனைகளைச் சொல்கின்றன. முறுக்கி வோல்ட்டேஜ் ஏற்றுவது, உருளையில் சுற்றி இழுப்பது, சூட்டில் அதிரவைப்பது என்று போகும். அவற்றுக்கு லேப் வேண்டும். ஊசித்துளைச் சோதனைக்கு மட்டும் உங்கள் சாயப்பட்டறை லேபே போதும். லிட்டருக்கு 2 கிராம் உப்புப் போட்ட தண்ணீர். அதில் நீங்கள் காரம் பார்க்க வைத்திருக்கும் ஃபீனால்ப்தலீன் சில சொட்டு. 12 வோல்ட் பேட்டரி. ஒரு மீட்டர் கம்பியை 125 டிகிரி ஓவனில் பத்து நிமிஷம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள். இரண்டு முனைகளும் வெளியே இருக்கும்படி நடுப்பகுதியைத் தண்ணீரில் விடுங்கள். கம்பியை பேட்டரியின் நெகட்டிவில் கொடுங்கள். பாசிட்டிவிலிருந்து வேறொரு கம்பியைத் தண்ணீருக்குள் விடுங்கள். ஒரு நிமிஷம் பாருங்கள். எனாமலில் துளை இருக்கும் இடத்திலெல்லாம் காரம் உண்டாகி ரோஜா நிறக் கோடு கிளம்பும். எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆலைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பும்போது, கம்பியின் வகுப்பும் தரமும், வார்னிஷின் பெயர், அடுப்பில் வைத்த சூடு, நேரம் ஆகியவற்றைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் காத்திருங்கள். மாற்று மோட்டார் ஒன்றை ஸ்டோரில் வைத்துக்கொண்டால் அந்த அவசரமே வராது. கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கம்பி வாங்கும்போது ரீலுக்கு ஒரு மீட்டர் வெட்டி இந்த உப்புத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், ரோஜாக் கோடு கிளம்பினால் அந்த ரீலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.